மலை எரிஞ்ச ராத்திரி மோட்டார் ஓடல

எனக்கு மோட்டார் கட்டுற தொழில். அலங்காநல்லூரில் சின்னதாக ஒரு கடை. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் போட்டுக் காயவைத்துக் கொடுப்பேன். சுற்றுப்பட்டில் எந்தக் கிணற்றில் எத்தனை எச்பி ஓடுகிறது, எந்த போரில் தண்ணி இறங்கிவிட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பேர்ப்பட்ட நான், எங்கள் சொந்தத் தோட்டத்தில், என் கையால் கட்டிய ஏழரை எச்பி மோட்டாருக்கு முன்னால் நின்று ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் மலை எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை.

தோட்டம் பாலமேட்டைத் தாண்டி, சாத்தையாறு அணைப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. இரண்டரை ஏக்கர். மா, கொஞ்சம் தென்னை, மங்களூர் ஓடு போட்ட வீடு, கிடுகு வேய்ந்த மாட்டுக்கொட்டம், அதுக்குப் பக்கத்திலேயே வைக்கோல் படப்பு. அய்யாவும் அம்மாவும் அங்கேதான். வேலிக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் தரிசு, அதுக்கு மேலே காப்புக்காடு.

மலையில் தீ என்பது எங்களுக்குப் புதுசு கிடையாது. மாசி, பங்குனி வந்தால் ராத்திரியில் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு நெளியும். என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது "மலைக்கு சீரியல் லைட் போட்டுருக்காக" என்று கைதட்டினாள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. வருஷா வருஷம் பார்க்கிற எதையும் நாம் ஆபத்து என்று எண்ணுவதில்லை.

சில வருஷத்துக்கு முந்தின பங்குனி அது. அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் நல்ல மழை பெய்த வருஷம்தான் தீக்குப் பயப்பட வேண்டிய வருஷம் என்று அப்போது எனக்குத் தெரியாது. மழைக்குப் புல் இடுப்பளவு வளரும். தை கழிந்ததும் அதே புல் அப்படியே காய்ந்து நிற்கும். தரிசில் ஊசிப்புல் மண்டிக் கிடந்தது. உண்ணிச்செடி வேலியைப் பிடித்து ஏறியிருந்தது. உண்ணிச்செடி பச்சையாக நின்றாலும் எரியும். அதை எங்கள் வேலியிலேயே பார்த்தேன்.

தீ மலையில் பிடித்து அன்றைக்கு இரண்டாவது நாள். பகல் முழுக்க அம்மா போனில் "அது மேல போகுதுடா, நமக்கு ஒண்ணுமில்ல" என்றே சொன்னாள். பகலில் அப்படித்தான் தெரியும். வெயிலில் மலைச்சரிவு சூடேறினால் காற்று கீழிருந்து மேலே ஏறும். தீயும் மேலே போகும், அடிவாரத்தில் இருக்கிறவனுக்கு நிம்மதி. பொழுது சாய்ந்து பாறை குளிர்ந்ததும் காற்று திரும்பி, மேலிருந்து கீழே இறங்கும். இது அடிவாரத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வாசலில் கட்டில் போட்டுப் படுப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். அந்தக் காற்றோடு தீயும் வரும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஒன்பதே காலுக்கு அம்மா கூப்பிட்டாள். "காத்து மாறிருச்சுடா. கொட்டத்துல மாடு நிக்க மாட்டேங்குது." தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாடு நிற்கவில்லை என்றதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பைக்கில் அரைமணி. வழியிலேயே 101க்கு அடித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "பட்டா நிலமா, ஃபாரஸ்டா?" "ரெண்டுக்கும் நடுவுல" என்றேன். அவர் இன்னொரு அலுவலகத்து நம்பர் கொடுத்தார். அங்கே எடுத்தவர், அந்தச் சரிவு எந்த மாவட்டத்துப் பக்கம் என்று கேட்டார். சிறுமலை இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தம். தீக்கு அது தெரியாது. பத்து நிமிஷம் அதில் போனது. இதில் யாரையும் வைது பிரயோசனமில்லை, தப்பாகச் சொன்னது நான்தான். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: "ஆள் குடியிருக்கிற வீடு, வயசானவங்க ரெண்டு பேர், தீ வேலிக்கு இத்தனை அடியில" என்று முதல் மூச்சிலேயே வீட்டைச் சொல்ல வேண்டும். மலையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். 101 கிடைக்காவிட்டால் 112. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவற்றுக்கெல்லாம் மேலே, உங்கள் பகுதி வனக்காவலரின் கைபேசி எண் உங்கள் போனில் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. டீக்கடைக்காரரிடம் இருந்தது. அவர் கூப்பிட்டுத்தான் ஆட்கள் வந்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது தீ வேலிக்கு மேலே இருநூறு, முந்நூறு அடியில் இருந்தது. ஆள் உயரத்துக்கு எரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முழங்கால் உயரம்கூட இல்லை. சருகைத் தின்றுகொண்டு ஊர்ந்து வந்தது. இதற்கா பயந்தோம் என்றுகூடத் தோன்றியது. முதல் வேலையாக மோட்டார் ரூமுக்கு ஓடினேன். சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிவிட்டு வேலியோரம் பூராவும் தண்ணியை அடித்துவிடலாம் என்பது என் திட்டம். கரண்ட் இல்லை. மலையோரமாகப் போகிற கம்பியில் புகை அடர்ந்தால் லைனை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும், புகைக்குள் கம்பி பொறி அடித்தால் இன்னொரு தீ. தொழில்காரன் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தோன்றவில்லை.

கையில் இருந்தது மூவாயிரம் லிட்டர் தொட்டியில் பாதித் தண்ணி. சாயங்காலம்தான் அய்யா தென்னைக்குத் திறந்துவிட்டிருந்தார். மாடு குடிக்கிற கழனித்தொட்டி ஒன்று. மாமரத்துக்கு மருந்தடிக்கிற 16 லிட்டர் தெளிப்பான் இரண்டு. அவ்வளவுதான்.

அய்யா தண்ணியைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் செதுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயசு. "தண்ணிய ஊத்தி எத்தன அடி நனைப்ப? மண்ண எடுத்துவிடு. மண்ணு எரியாது" என்றார்.

மாடுகளை அவிழ்ப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். பசு இரண்டு, கன்று ஒன்று, ஆடு பதினொன்று. நைலான் கயிறு இழுபட்டு முடிச்சு இறுகிக் கிடந்தது. அய்யா அரிவாளால் அறுத்தார். அவிழ்த்துவிட்ட பசு வெளியே ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கொட்டத்துக்குள்ளேயே வந்து நின்றது. அதுக்கு அதுதானே வீடு. கன்றை முதலில் தூக்கிக்கொண்டு போனால்தான் தாய் பின்னாலே வரும் என்று அம்மா சொல்லித்தான் புரிந்தது. ஆடுகளுக்கு ஒரு கிடாயைப் பிடித்து இழுத்தால் போதும். எல்லாவற்றையும் கீழே வறண்டு கிடந்த கண்மாய்க்குள் கொண்டுபோய் விட்டோம். கண்மாய்த் தரையில் புல் கிடையாது, வெடித்த மண்தான். தீக்குப் பயந்தவன் தேட வேண்டிய இடம் அப்படிப்பட்டதுதான்: உழுது போட்ட காடு, வறண்ட கண்மாய், ஏற்கெனவே எரிந்து கருகின தரை.

அம்மா கிளம்பவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடுகிறாள், பட்டாவைத் தேடுகிறாள், நகை அடகு வைத்த ரசீதைத் தேடுகிறாள். டார்ச் வெளிச்சத்தில் இருபது நிமிஷம். நான் கத்தினேன், அவள் அழுதாள். கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, உருட்டிக்கொண்டுபோய் உழுத நிலத்து நடுவில் போட்டதும் அதே நேரத்தில்தான். சூடேறிய சிலிண்டர் வெடித்தால் தீயை அணைக்க வந்தவனும் மிஞ்ச மாட்டான். இப்போது எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் பை ஆணியில் தொங்குகிறது. பட்டா நகல், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், அய்யாவின் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு, ஒரு டார்ச். தையில் தொங்கவிட்டால் ஆனியில்தான் கழற்றுவோம்.

பத்தரை மணிக்கு வனத்துறை ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வாட்சர், அம்பது வயசிருக்கும், பாலமேட்டுக்காரர். முதுகில் இலை ஊதுகிற மிஷின், கையில் அரிவாள். அவர் வரும்வரை நாங்கள் செய்துகொண்டிருந்தது எல்லாம் தப்பு. நானும் தம்பியும் பச்சைக் கொழையை ஒடித்து, தலைக்கு மேலே ஓங்கி ஓங்கித் தீயின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அடிக்கும் பொறி எழும்பி எங்கள் பின்னாலேயே விழுந்தது.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, வாடிவாசல்ல மாட்டுக்கு நேர் முன்னாடி நிப்பீகளா? பக்கவாட்டுல நின்னு திமில்லதேன பாய்வீக? இதுவும் அம்புட்டுத்தேன்."

மாட்டுப்பொங்கலுக்கு வாடிவாசல் திறக்கிற ஊர்க்காரருக்கு அப்படித்தான் சொல்ல வரும். எனக்கும் அப்படிச் சொன்னால்தான் ஏறும். தீயின் தலைக்கு முன்னால் நிற்கக்கூடாது. எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து, விலாவைப் பிடித்து, அணைத்துக்கொண்டே தலையை நோக்கிப் போக வேண்டும். கொழையை ஓங்கி அடிக்கக்கூடாது, தீயின்மேல் வைத்து அமுக்கி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். காற்றை அடைத்தால் தீ செத்துவிடும். பின்னால் எப்போதும் ஒரு ஆள் நின்று, விழுகிற பொறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். அய்யா செதுக்கின கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்தால், அதாவது வருகிற தீக்கு எதிரே நாமே புல்லைக் கொளுத்திவிட்டால், என்ன என்று தம்பி கேட்டான். "நீங்க வைக்காதீக. எதிர்த்தீ வைக்கத் தெரிஞ்ச ஆளு வச்சாலே சில நேரம் திரும்பிரும்." அவர்களும் அன்றைக்கு வைக்கவில்லை, காற்று சரியில்லை என்றார்கள். ஆறடி அகலத்துக்குச் சருகை ஊதித் தள்ளி, மண் தெரியச் செதுக்கி, ஒரு கோடு எடுத்தார்கள். அந்த ஊதுகிற மிஷின் செய்த வேலையைப் பத்து மண்வெட்டி செய்யாது. தண்ணியே இல்லாமல் தீயை நிறுத்துகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கோட்டில்தான் பெரும்பகுதித் தீ நின்றது.

ஆனால் வீட்டைத் தொட்டது அந்தத் தீ இல்லை.

ஊர்ந்து வந்த தீ தரிசின் ஊசிப்புல்லில் ஏறியதும் ஆள் கூட நிற்க முடியாதபடி குப்பென்று எழுந்தது. வேலியில் உண்ணிச்செடி படபடவென்று வெடித்தது. அதிலிருந்து கங்கு பறந்தது. கார்த்திகைக்கு மாவளி சுற்றினால் பொறி தெறிக்குமே, அதைப்போல வானம் பூரா. செதுக்கின கோட்டைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, கிடுகுக் கூரையில் விழுந்தது. கொட்டம் எரிந்து விழ எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால், நான் தொட்டியிலிருந்து இரண்டு வாளித் தண்ணி கொண்டுவந்த நேரம். அடுத்தது படப்பு. படப்பு எரிந்தால் அதை அணைக்க நினைக்காதீர்கள். பக்கத்தில் எதுவும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வீட்டு முன்வாசலில் கங்கு மழையாகக் கொட்டியது. ஒன்றும் ஆகவில்லை. அம்மா தினமும் கூட்டி, சாணி தெளித்து, ஒரு சருகு தங்கவிடாமல் வைத்திருக்கிற வாசல். விழுந்த கங்கு அப்படியே கிடந்து கருத்துச் செத்தது. மூன்று பக்கமும் அப்படித்தான்.

நாலாவது பக்கம், பின்சுவர் ஓரம், என் சாமான்.

கடையில் இடமில்லை என்று பழைய மரப்பெட்டி, உருவின காயிலோடு வந்த காகித இன்சுலேஷன், பருத்தி நாடா, காலி வார்னிஷ் டின் எல்லாவற்றையும் தோட்டத்தில் கொண்டுவந்து அடுக்கியிருந்தேன். அதன்மேல் அம்மா தென்னமட்டையும் பன்னாடையும் போட்டு வைத்திருந்தாள். காலி டின் என்று பேர்தான். அடியில் ஒட்டியிருக்கிற வார்னிஷ் போதும். ஒரு கங்கு விழுந்து, புகைந்து, பிறகு நீலமாக எரிந்தது. ஜன்னல் கதவு பிடித்துக்கொண்டது. உள்ளே கட்டில், மெத்தை. மருந்துத் தெளிப்பான் இரண்டையும் வைத்து நானும் தம்பியும் மாறி மாறி அடித்து அணைத்தோம். 16 லிட்டர் சின்ன அளவு என்று நினைத்தது தப்பு. மூக்கைத் திருகிப் பொடியாக அடித்தால், சின்னத் தீக்கு வாளி வாளியாக ஊற்றுவதைவிட மேல். ஆனால் மருந்து நெடி இருக்கும் டேங்க் என்றால் முதலில் கழுவியிருக்க வேண்டும். நாங்கள் கழுவவில்லை, இரண்டு நாள் தொண்டை எரிந்தது.

மலையில் யாரோ வைத்த தீ வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. வீட்டை எரிக்கப் பார்த்தது நான் அடுக்கி வைத்த குப்பை. இதை எழுதுவதற்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

தீயணைப்பு வண்டி வந்தது. பதினொன்றரைக்கு. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, பாலம் தாங்காது என்று டிரைவர் இறங்கிப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அவர்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து படப்பை நனைத்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பெரிய வண்டி வருமா என்று தீ வருவதற்கு முன்னால் ஒருதரம் நடந்து பாருங்கள். கேட் அகலம், பாலம், தாழ்ந்து தொங்குகிற கம்பி, திரும்ப இடம். எங்கள் கேட்டை அதற்குப் பிறகு பன்னிரண்டு அடியாக்கினோம். பாலம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

விடிந்தால் முடிந்தது என்று நினைத்தோம். நாலாவது நாள் மத்தியானம் எருக்குழியிலிருந்து புகை. அடியில் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. சாணி, உமி, மரத்தூர், தேங்காய் மட்டை இவையெல்லாம் வெளியே சாம்பலாகத் தெரியும், உள்ளே நாள் கணக்கில் கங்கு இருக்கும். கிளறி, தண்ணி ஊற்றி, மறுபடி கிளறி, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரிந்தால்தான் அணைந்ததாகக் கணக்கு. ஒரு வாரம் காலையும் மாலையும் அய்யா தோட்டத்தைச் சுற்றி வந்தார். தென்னையின் கொண்டையில்கூட ஒரு இடத்தில் புகைந்தது.

அம்மாவுக்கு இருமல் ஒரு மாசம் நிற்கவில்லை. ஈரத்துண்டை மூக்கில் கட்டியிருந்தாள். ஈரத்துண்டு சூட்டையும் பெரிய தூசியையும் கொஞ்சம் தடுக்கும், புகையின் நுண்தூளைத் தடுக்காது. கொரோனா காலத்தில் வாங்கின என்95 முகக்கவசம் பரணில் ஒரு பாக்கெட் கிடந்தது, யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தம்பி பாலியஸ்டர் டீசர்ட்டோடு நின்றான். கங்கு பட்ட இடத்தில் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கைலி கட்டி, பழைய பருத்திச் சட்டை போட்டிருந்த அய்யாவுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. கைலியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டிருந்தார், அது முக்கியம்.

எங்களுக்குத் தீ மேலிருந்து கீழே வந்தது. அதனால்தான் இத்தனை தப்பு செய்தும் பிழைத்தோம். தீ கீழிருந்து மேலே ஏறினால் கதையே வேறு. சரிவு பத்து டிகிரி கூடக்கூட அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பார்கள். 2018 மார்ச் 11, குரங்கணியில் அதுதான் நடந்தது. கொழுக்குமலைப் பக்கமிருந்து மலையேற்றம் முடித்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள், காய்ந்த புல் சரிவில் மாட்டிக்கொண்டார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தீக்காயப்பட்டவர்களில் பலரை எங்கள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் மதுரையில் வேறு பேச்சு இல்லை. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. மாசி, பங்குனியில் மலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வாட்சர் அண்ணன் சொல்வது: புகை கீழே தெரிந்தால் மேலே ஓடாதே. ஓடை, இடுக்குக்குள் இறங்காதே, அது புகைபோக்கி மாதிரி தீயை உறிஞ்சி இழுக்கும். பக்கவாட்டில், சரிவைக் குறுக்கே கடந்து, பாறையோ கருகின தரையோ தேடிப் போ.

தீயை யார் வைத்தார்கள்? அப்பத்தா இருந்தவரை மூங்கில் உரசித்தான் மலை பற்றும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மூங்கிலை நான் இதுவரை பார்த்ததில்லை. வாட்சர் சிரித்தார். "மூங்கிலுக்கு பீடி குடிக்கத் தெரியாது தம்பி." புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சலுக்கு வைப்பவர்கள், தேன் எடுக்கப் புகை போடுபவர்கள், பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு அடுப்பை அப்படியே விட்டு வருபவர்கள், கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றுபவர்கள் என்று அவர் ஒரு வரிசை சொன்னார். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882 ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்திலேயே குற்றம். நூற்று நாற்பது வருஷச் சட்டம். பிடிபட்டவர் யார் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒரு பேர் சொல்ல வராது.

நானும் யோக்கியன் கிடையாது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, மாந்தோப்புச் சருகைக் கூட்டிக் குவித்து மத்தியானம் தீ வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் வேலிவரைக்கும் கருகியிருந்தது. ஒரு சுழல்காற்று வந்திருந்தால் அந்த வருஷம் மலையில் சிவப்புக் கோடு போட்டவன் நானாக இருந்திருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சருகைக் குழியில் போட்டு, சாணி கரைத்து ஊற்றி மக்கவிடுகிறோம். கொளுத்துவதைவிட மெனக்கெடுதான்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது கடையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலிசேட்ஸ், ஈட்டன் என்று இரண்டு தீ, இரண்டிலும் சேர்த்து 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன. பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், "வீடு பூரா சாம்பல், பக்கத்துல மரம் பச்சையா நிக்குது, இது தீயா சதியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பின்சுவர்தான் ஞாபகம் வந்தது. தீ தெருவில் நடந்து வந்து வீட்டைப் பிடிப்பதில்லை. கங்கு பறந்து வந்து, ஓட்டுச் சந்தில், ஜன்னல் ஓரத்தில், வாசலில் கிடக்கும் சருகில் உட்கார்ந்து, உள்ளிருந்து எரிக்கிறது. பாலிசேட்ஸில் மேட்டுப்பகுதியில் தீயணைப்புக் குழாயைத் திறந்தால் தண்ணி வரவில்லை என்றும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்ததில் மேலே தொட்டிகள் காலியாகிவிட்டன. அமெரிக்காவானால் என்ன, பாலமேடானால் என்ன, தேவைப்படுகிற ராத்திரியில் குழாய் ஓடாது என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதுதான் புத்தி.

அங்கே வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடியில் எரிகிற பொருள் எதுவுமே இருக்கக்கூடாது என்று சொல்கிறார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "இதச் சொல்ல அமெரிக்காக்காரன் வரணுமா? கூட்டிப் பெருக்கி வைடான்னு நான் எத்தன வருசமாச் சொல்றேன்?" என்றாள்.

இப்போது தோட்டத்தில் என்ன மாற்றியிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். படப்பும் கொட்டமும் வீட்டிலிருந்து நூறு அடி தள்ளி, ஒன்றுக்கொன்றும் தள்ளி. கொட்டத்துக்குத் தகரம். வெயிலில் மாட்டுக்குச் சூடு என்று அய்யா முணுமுணுப்பார், அதனால் தகரத்துக்கு அடியில் ஓலைத்தட்டி கட்டலாம் என்று கேட்டார். கட்டினால் பழைய கூரைதான் என்று மறுத்துவிட்டேன், பக்கத்தில் வேப்பமரம் வைத்திருக்கிறோம். மாட்டுக் கயிறு பருத்தி, ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. என் சாமான் எல்லாம் கடைக்கே போய்விட்டது, கடையில் நடக்க இடமில்லை. வேலிக்கு வெளியே பத்தடி, உள்ளே பத்தடி, தை பிறந்ததும் செதுக்கிவிடுவோம். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. வெளிப்பக்கம் செதுக்க வாட்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செய்வோம், காப்புக்காட்டுக்குள் நாமாகக் கைவைக்கக்கூடாது.

தண்ணி விஷயம் என் கௌரவப் பிரச்சினை. பழைய பெட்ரோல் பம்பு ஒன்றை எடைக்கு வாங்கி, பிரித்து, சீல் மாற்றி ஓடவைத்திருக்கிறேன். தொட்டியில் சக்ஷன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் தண்ணி வரும். வாரம் ஒருதரம் ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டாமல் வைத்த இஞ்சின் தேவைப்படும்போது கிளம்பவே கிளம்பாது, இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். தொட்டியில் பாதிக் கோட்டுக்குக் கீழே தென்னைக்குத் திறக்கக்கூடாது என்று சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறேன். தொட்டியை உசத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பத்து மீட்டர் உசரத்துக்குத்தான் ஒரு கிலோ பிரஷர். பத்தடி ஸ்டாண்டில் வாளி நிரப்பலாம், தீயில் பீய்ச்ச முடியாது.

நிவாரணம் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். சாம்பலை அள்ளுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள், விஏஓவை வரவழைத்துக் காட்டுங்கள், தீயணைப்பு நிலையத்தில் சான்று வாங்குங்கள். நாங்கள் முதல் நாளே கூட்டி அள்ளிவிட்டோம். எரிந்த கொட்டத்துக்குப் பதில் சுத்தமான தரையைக் காட்டினால் யார் எழுதுவார்கள்?

கடைசியாக ஓடு. மங்களூர் ஓட்டு விளிம்பில், முகட்டில், சுவர் சேருகிற இடத்தில் எல்லாம் சந்து. கங்கு நுழைய அது போதும். போன வருஷம் ஏணி போட்டு ஏறி, சந்துகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, காற்று வர வேண்டிய இடத்தில் இரண்டு மில்லி கண் உள்ள கம்பிவலை அடித்தேன். மூன்று நாள் வேலை. தெற்கு மூலையில் ஒரு சந்தில் சிட்டுக்குருவி கூடு. காய்ந்த புல், பஞ்சு, நூல் எல்லாம் வைத்துப் பின்னியிருந்தது. பற்றுவதற்கு அதைவிடத் தோதான சாமான் வீட்டிலேயே கிடையாது. எடுக்கப் போனேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுல குஞ்சு இருக்கு. எறங்கு" என்றாள்.

குஞ்சு பறந்ததும் அடைப்பதாகப் பேச்சு. அது பறந்து, அடுத்த ஜோடி வந்துவிட்டது. அந்தச் சந்துக்கு நேர் கீழே, பரணில், ஒரு வாளித் தண்ணியும் பழைய சாக்கும் வைத்திருக்கிறேன். கொசு வைக்காமல் இருக்க வாரம் ஒருதரம் தண்ணியை மாற்றுவது அய்யாவின் வேலை.